பொறுப்பாளர் தொடக் கூடாது

காளியப்பனுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். கையில் வாங்கினால் திறந்து பார்க்க வேண்டும், கொடுக்கும்போது திறந்து காட்ட வேண்டும். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இதைச் சொல்லிச் சொல்லியே அவர் காதைத் தேய்த்துவிட்டார்கள். அப்புறம் மல்லசமுத்திரத்தில் ஒரு வங்கி வாசலில் ரெட்டைக் குழல் துப்பாக்கியோடு இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆனால் காலையில் துப்பாக்கியை வாங்கியதும் மடக்கித் திறந்து குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். சாயங்காலம் ஒப்படைக்கும்போது மறுபடியும் பார்ப்பார். நகையை அடகு வைக்க வந்தவர்கள், "என்னங்கண்ணா, உள்ள படம் ஓடுதுங்களா?" என்று கேலி பேசுவார்கள். "ஆமாங்க, ஓடுது" என்பார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வராது.

ஓய்வுபெற்று வீட்டோடு கிடந்த இந்த மனிதரைத்தான் சினிமாக்காரர்கள் காரில் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

காரணம் இதுதான். எங்கேயோ ஒரு படப்பிடிப்பில் பொய்த் துப்பாக்கி என்று நினைத்ததில் நிஜமாகவே தோட்டா வெடித்து, நிஜமாகவே ஒரு ஆள் செத்துப்போனார். பத்து நாள் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். பதினோராவது நாள் 'திரைப்பட ஆயுதப் பாதுகாப்பு ஒழுங்காற்றுக் கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கழகத்துக்குத் தலைவர் வந்தார், கொடி வந்தது, நாற்பத்தாறு பக்கத்தில் விதிப்புத்தகம் வந்தது. துப்பாக்கி வைத்துப் படம் எடுக்கும் இடத்திலெல்லாம் 'ஆயுதப் பாதுகாப்புப் பொறுப்பாளர்' என்று ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலையில் நடந்துகொண்டிருந்த படத்துக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை, 'தயாரிப்பு எண் நான்கு' என்றுதான் பெட்டிகளில் எழுதியிருந்தார்கள். ஆனால் பொறுப்பாளர் உடனே வேண்டும். ஆலைக்காரர் தாடையைச் சொறிந்துவிட்டு, "துப்பாக்கியோட இருந்த ஆளுன்னா நம்ம காளியப்பன்தானுங்க" என்று கைகாட்டிவிட்டார்.

தயாரிப்பு நிர்வாகி தீனதயாளன் வீட்டுக்கே வந்து சால்வை போட்டார்.

"எனக்கு என்ன வேலைங்க?" என்று காளியப்பன் கேட்டார்.

"ஒரு வேலையும் இல்லைங்க ஐயா. பொறுப்பு மட்டும்தான்."

காளியப்பனுக்கு இது விளங்கவில்லை. அவர் சம்சாரம் அங்கம்மாளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"போயிட்டு வாங்க. ஊட்ல உக்காந்துட்டு டிவி ரிமோட்டத் தொறந்து தொறந்து பேட்டரி இருக்குதான்னு பாக்கறதுக்கு, அங்க போயாச்சும் உக்காருங்க."

சேகோ ஆலைக் களத்தில், ஜவ்வரிசி காயப்போடும் சிமெண்டுத் தரையில் முந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து கழகத்தின் தலைமை ஆலோசகர் அருணகிரி வந்திருந்தார். ஆரஞ்சு நிறத்தில் மினுக்குகிற ஜாக்கெட், தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில். மொட்டைக் களத்தில் தலையில் என்ன விழுந்துவிடப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! துப்பாக்கி ஆபத்தானது என்று சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன். பொறுப்பாளர் இல்லாத துப்பாக்கிதான் ஆபத்தானது. இதோ, இந்தத் துப்பாக்கிக்கு இன்று காளியப்பன் ஐயா என்ற பொறுப்பாளர் கிடைத்துவிட்டார். ஆகவே இந்த நிமிடத்திலிருந்து இது பாதுகாப்பான துப்பாக்கி!"

கைதட்டல் எழுந்தது. காளியப்பனுக்கும் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். அவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"அதச் சித்தே தொறந்து பாத்துக்கலாமுங்களா?"

அருணகிரி பெரிய மனதோடு சிரித்தார். "நல்ல கேள்வி. விதி பதினொன்று. பொறுப்பாளர் ஆயுதத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அவர் கையாளுநர் ஆகிவிடுவார். கையாளுநரும் பொறுப்பாளரும் ஒரே ஆளாக இருந்தால், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகும்போது விசாரணையில் யாரை யார் மேல் புகார் சொல்லச் சொல்வது? குழப்பம் வரும் இல்லையா?"

"அப்பத் தொறந்து பாக்கறது ஆருங்க?"

"பார்ப்பவர் என்று ஒரு பதவி இந்தப் பதிப்பில் இல்லை. அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம்."

அதுவும் ரெட்டைக் குழல் துப்பாக்கிதான், ஒரு மரப்பெட்டியில் இருந்தது. பெட்டி கலை இலாகாவைச் சேர்ந்த காத்தான் என்பவன் மடியில் இருந்தது. காளியப்பன் பக்கத்தில் போய் நின்றார்.

"பெட்டிக்குள்ள இருக்கற வரைக்கும்தான் ஐயா அது எங்க டிபார்ட்மெண்ட்" என்றான் காத்தான். "வெளிய எடுத்துட்டா நான் யாரோ, அது யாரோ."

வெளியே எடுத்தால் யார் என்று காளியப்பன் விசாரித்துக்கொண்டே போனார். தோளில் தொங்கும்போது உடை இலாகா. ஆனால் அது வாருக்கு மட்டும்தான். ஹீரோ கைக்குப் போனால் ஹீரோவின் மேனேஜர். அவரோ, "சார் கைக்குத்தான் இன்சூரன்ஸ், கையில என்ன இருக்குங்கறது எனக்குத் தெரியாது" என்றார். சண்டைப் பயிற்சியாளர், "சுட்ட பொறவு எப்படி விழறதுன்னு சொல்லிக் குடுக்கறதுதான் என் தொழில், சுடறது எஃபெக்ட்ஸ்" என்றார். எஃபெக்ட்ஸ்காரர், "நமக்குப் புகை மட்டும்தாங்க" என்று புகை மெஷினைத் தட்டிக் காட்டினார். இப்படியாகப் படக்குழுவின் நூற்றிருபது பேரையும் சுற்றிவிட்டு வந்தபோது, அந்தத் துப்பாக்கிக்கு மிச்சம் இருந்த ஒரே சொந்தக்காரர் அதைத் தொடக் கூடாத காளியப்பன்தான் என்று தெரிந்தது.

இந்த அளவில் நின்றிருந்தால்கூட அவர் நாளைக் கடத்திக்கொண்டு போயிருப்பார். மறுநாள் மத்தியானம் அங்கம்மாள் சோறு கொண்டு வந்தாள்.

சோற்றுப் போசியைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். "பிரஷர் மாத்திரைய ஆரு முழுங்கறது? நானா? பொறுப்பு பாக்க வந்த லட்சணம் இதுதானுங்களா?" களம் முழுக்கக் கேட்டது. காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர் நந்தகுமார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். வில்லனுக்கு அம்மாவாக நடிக்க வேண்டியவர் வேறு ஊரில் மாட்டிக்கொண்டதால் இரண்டு நாளாக மனிதர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த அம்மாதான்! இந்தக் கோபம்தான்!" என்றார்.

காட்சி சின்னதுதான். ஹீரோ வில்லனைக் குறிபார்க்கிறார். பெற்ற தாய் குறுக்கே பாய்கிறாள், "அடப் பாவி!" என்கிறாள், குண்டு பாய்கிறது, சாகிறாள். ஹீரோவுக்கும் தாய்க்கும் நடுவில் ஆறடி. சிமெண்டுத் தரையில் அங்கம்மாள் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.

அங்கம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. சேந்தமங்கலத்திலிருக்கும் நாத்தனார் ஜானகியம்மாள் ஒரு டிவி சீரியலில் கல்யாணக் கூட்டத்தோடு கூட்டமாக மூன்று விநாடி நின்றுவிட்டு, அதைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இங்கே அங்கம்மாள் ஹீரோ கையால் சாகப் போகிறாள். சாயங்காலத்துக்குள் நாற்பது பேருக்குப் போன் போட்டுவிட்டாள். காளியப்பன் படுக்கப் போகும் முன்பு மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"அந்தத் துப்பாக்கிய நான் இன்னும் தொறந்து பாக்கல புள்ள. வேண்டாம்னு சொல்லிப்புடு."

"உங்களுக்குப் பொறாமைங்க" என்றாள் அங்கம்மாள். "முப்பத்தஞ்சு வருசத்துல என்ற மூஞ்சிய ஒருத்தரு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாரு. உங்களுக்குப் பொறுக்கல."

காளியப்பன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். ஆனால் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குமேல் அவரை ஆலை அலுவலக அறைக்குள் உட்கார வைத்து விதிப்புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நாற்பத்தாறு பக்கம், மூன்று பிரதி. பக்கத்துக்குப் பக்கம் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று போட்டிருந்தது. படிப்பதற்கு நேரம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். உதவி இயக்குநர் இலக்கியா பக்கம் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள். அம்மாபேட்டைப் பெண். தறிக்காரர் வீட்டிலிருந்து சண்டை போட்டுச் சினிமாவுக்கு வந்தவள்.

"வெளிய என்ன கண்ணு மேளச் சத்தம்?"

"துப்பாக்கிக்குப் பூஜை ஐயா. பாதுகாப்பா இருக்கணும்னு அருணகிரி சார்தான் ஏற்பாடு பண்ணச் சொன்னார். பொறுப்பாளர் பூஜைக்கு வர வேண்டாம், கையெழுத்து முக்கியம்னுட்டார்."

நூற்றிருபதாவது கையெழுத்தின்போது அங்கம்மாள் உள்ளே வந்தாள். முகத்தில் அரை அங்குலம் மாவு, நெற்றியில் பெரிய பொட்டு.

"ஏனுங்க, நீங்க பாக்காம போயிட்டீங்க! மாரியம்மன் கோயில்ல கூட அப்படிப் பூசை போட்டதில்லீங்க. மாலையென்ன, சந்தனமென்ன! துப்பாக்கியச் சொவுத்துல சாத்தி நிறுத்திட்டாங்க. ஊதுபத்தி ஏத்தறதுக்குத் தோதா எடமில்ல. அந்தக் காத்தான் தம்பி நெம்பக் கெட்டிக்காரன். பூவன்பழத்த ரெண்டா நறுக்கி, ரெண்டு குழல்லயும் ஒவ்வொண்ணச் சொருகி, அதுல ஊதுபத்திய நட்டு வச்சான் பாருங்க, கும்முனு நின்னு எரிஞ்சுது. பழம் வழுக்குதுன்னு ஒரு தாளச் சுத்திக்கூட அமுத்துனான்."

காளியப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "பொறவு அதை எடுத்தானா?"

"சாமிக்கு வச்சத ஆரு எடுப்பாங்க? குச்சி எரிஞ்சு முடிஞ்சதும் நுனிய ஒடைச்சுட்டாங்க. அப்பறம் எல்லாரும் துப்பாக்கியத் தூக்கிட்டுப் போட்டோ புடிச்சாங்க. ஒருத்தன் மேக்கப் புள்ள நெத்தியில வச்சு இளிச்சான். நானுங்கூட ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

காளியப்பன் இலக்கியா பக்கம் திரும்பினார். "தோட்டா எப்பப் போடுவாங்க கண்ணு?"

இலக்கியா கையிலிருந்த டேப்லெட் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "வெத்துத் தோட்டாதானே ஐயா? அது நேத்தே போட்டாச்சு. துப்பாக்கி வாடகைக்கு விட்டவர் போட்டுட்டு நேத்தே பஸ் ஏறிட்டார். அவருக்கு ஒருநாள் கால்ஷீட்தான்."

வெற்றுத் தோட்டா என்றால் குண்டு இருக்காது, மருந்து மட்டும் இருக்கும். வெடித்தால் சத்தமும் நெருப்பும் புகையும் வரும். அதனால்தான் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குழலுக்குள் வேறு எது அடைத்திருந்தாலும் மருந்து அதைக் குண்டாக்கித் தள்ளும். பட்டாளத்தில் ஒருவன் குழலுக்குள் துடைக்கிற துணியை மறந்துவிட்டு வெற்றுத் தோட்டாவை வெடித்ததில், எதிரே நின்றவன் கன்னம் கிழிந்ததைக் காளியப்பன் கண்ணால் பார்த்திருக்கிறார். துணிக்கே அப்படியென்றால் ஊதுபத்தியின் மூங்கில் குச்சிக்கு என்ன சொல்வது? அதுவும் ஆறடியில், அங்கம்மாளின் முகத்துக்கு நேராக.

ஓடினார். அறுபத்திரண்டு வயதில் அவர் அப்படி ஓடியதை ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால் வங்கியில் கொள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

"சாமிக்குப் படைச்சத எடுக்கறது புரொடக்‌ஷன் ஐயா" என்றான் காத்தான்.

தீனதயாளன் கொஞ்சம் யோசித்தார். "பழம் வாங்கினது நாங்கதான், மறுக்கலை. ஆனா அது இப்ப துப்பாக்கிக்குள்ள இருக்கு பாருங்க. உள்ள போனதெல்லாம் எஃபெக்ட்ஸ் கணக்கு."

"புகை வந்தாத்தான் நான்" என்றார் எஃபெக்ட்ஸ்காரர். "பழத்துல புகை வராது."

இயக்குநர் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். அதைக் கழற்றிவிட்டுக் கேட்டார், மறுபடியும் மாட்டிக்கொண்டார். கடைசியாக அருணகிரியிடம் போய் நின்றார் காளியப்பன். ஆலோசகர் குடை நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாழைப்பழம் நம் ஆயுதப் பட்டியலில் இல்லையே" என்றார் அருணகிரி, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே. "கத்தி இருக்கிறது, அரிவாள் இருக்கிறது, சைக்கிள் செயின்கூட இருக்கிறது. வாழைப்பழம் இல்லை. இருந்தாலும் நீங்கள் பொறுப்பாளர், உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். அபாய அறிவிப்புப் படிவம் ஒன்று கொடுங்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பதில் வரும்."

"ஷாட்டு இன்னும் பத்து நிமிசத்துலைங்க!"

"அப்படியானால் மேலே சிவப்பு மையில் 'அவசரம்' என்று எழுதுங்கள். இருபத்து நாலு மணி நேரத்தில் வந்துவிடும்."

"நிக்கறது என்ற சம்சாரமுங்க!"

"உணர்ச்சிவசப்படுவது பாதுகாப்புக்கு எதிரி" என்றார் அருணகிரி. அது விதிப்புத்தகத்தின் பின்அட்டையில் இருந்தது.

களத்தில் எல்லாம் தயாராகிவிட்டது. அங்கம்மாள் பெருக்கல் குறியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். கண்ணை இமைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவளும் இமைக்காமல் நின்றாள். ஹீரோ துப்பாக்கியைத் தூக்கினார். அலங்காரத்துக்கு வைத்த குங்குமம் இன்னும் குழலின் வாயில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

"ரோலிங்!"

காளியப்பன் நடந்து உள்ளே போனார். கேமராவுக்கு முன்னால் போகிறோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. பயம் ஒன்றுதான் தெரிந்தது. அங்கம்மாளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, ஒரு கையால் குழலைப் பிடித்து வானத்தைப் பார்க்கத் தூக்கினார்.

"யாருப்பா இந்தப் பெருசு?" என்றார் ஹீரோ.

"விடுங்க சாமி" என்று காளியப்பன் துப்பாக்கியை வாங்கினார். பிடியின் மேலிருந்த நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினார். துப்பாக்கி இரண்டாக மடிந்தது. அது அப்படித் திறக்கும் என்பதே அங்கிருந்த பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். தோட்டா இரண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லைட் ஸ்டாண்டிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக் குழலுக்குள் விட்டுக் குத்தித் தள்ளினார். சிமெண்டுத் தரையில் கறுத்துப்போன வாழைப்பழம் விழுந்தது. அதோடு விரல் நீளத்துக்கு இரண்டு மூங்கில் குச்சிகள். அதோடு சுருட்டி அமுக்கிய ஒரு தாள். இலக்கியா குனிந்து தாளைப் பிரித்தாள்.

"விதி ஒன்று" என்று படித்தாள். "பாதுகாப்பு நம் எல்லோருடைய பொறுப்பு."

அங்கம்மாள் அந்தக் குச்சியை எடுத்து விரலால் நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எங்க வந்து குத்தியிருக்கும்?"

"கண்ணுல" என்றார் காளியப்பன். திறந்த துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்து மாவில் கண்ணீர் இரண்டு கோடு போட்டது. ஒப்பனைக்காரர் ஓடி வந்தார், அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டார்.

கழகம் சும்மா இருக்குமா? அங்கேயே குடை நிழலில் விசாரணை கூடியது. இருபது நிமிடத்தில் தீர்ப்பும் வந்தது. அருணகிரி ஒலிபெருக்கியில் வாசித்தார்.

"குழலுக்குள் வாழைப்பழம் இருந்ததா? இருந்தது. அதனால் விபத்து நடந்ததா? நடக்கவில்லை. எனவே வாழைப்பழத்தைக் குறித்துக் கழகத்துக்குப் புகார் எதுவும் இல்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது நண்பர்களே. பொறுப்பாளர் ஆயுதத்தைத் தொட்டார். தொட்டது மட்டுமல்ல, திறந்தார். இந்தப் படப்பிடிப்பில் இதுவரை நடந்த ஒரே பாதுகாப்பு மீறல் அதுதான். மிகுந்த மனவேதனையோடு காளியப்பனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறேன். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆலை கேட்டுக்கு வெளியே நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

காளியப்பன் ஜாக்கெட்டைக் கழற்றினார். துப்பாக்கியை வாங்க யாரும் கை நீட்டாததால் நாற்காலியில் மடித்த வாக்கிலேயே படுக்க வைத்தார். சட்டைப் பையிலிருந்த தோட்டாக்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "வா புள்ள, போலாம்" என்றார்.

"நீங்க முன்னால போங்க. வாரேன்" என்றாள் அங்கம்மாள். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றார்.

பொறுப்பாளர் இல்லாமல் ஷாட் எடுக்க முடியாது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தீனதயாளன் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். உடை இலாகாக்காரருக்குத் திடீரென்று பல்வலி வந்தது. சண்டைப் பயிற்சியாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போனது. காத்தானை மட்டும் மறுபடியும் தோட்டா போடச் சொல்லியிருந்தார்கள். அவன் சென்னைக்கு வீடியோ கால் போட்டு, வாடகைக்காரர் சொல்லச் சொல்லத் தோட்டாவைத் திணித்தான். பாதியில் சிக்னல் போய், வாடகைக்காரர் வாயைத் திறந்தபடி திரையில் அசையாமல் நின்றுவிட்டார். மீதியை அவனாகவே ஒரு குத்துமதிப்பாக முடித்துத் துப்பாக்கியை டப்பென்று மூடினான். இதையெல்லாம் அருணகிரி குடைக்கடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் வேலையில்லை, எனவே ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு அப்போது வேறு ஒரு யோசனை உதித்திருந்தது.

"இந்தத் துப்பாக்கி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கு அதிக அக்கறை?" என்று கேட்டார். "எதிரே நிற்பவருக்கு! அக்கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பும் இருக்க வேண்டும். அம்மா, நீங்களே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்." தன் பையிலிருந்து தங்க நிறப் பேனாவை எடுத்து நீட்டினார்.

அங்கம்மாள் எட்டாவது வரை படித்தவள். படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். "என் மீது குறிவைக்கப்படும் ஆயுதத்துக்கு நானே முழுப் பொறுப்பு." படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போடறேனுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இப்ப இந்தத் துப்பாக்கி பத்திரமானதுதானுங்களா?"

"நூறு சதவீதம்!"

"அப்ப நான் நின்ன எடத்துல நீங்க ஒரு தடவ நில்லுங்க. ஒரே ஒரு வெடி. நீங்க நின்னு காட்டுனதும் நான் கையெழுத்தும் போடறேன், ராத்திரி வரைக்கும் சாகச் சொன்னாலும் சாகறேன்."

அருணகிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சென்னை விமானம் என்றார், முதுகுவலி என்றார். ஆனால் அந்தப் படப்பிடிப்பின் வரலாற்றில் முதல் தடவையாக எல்லா இலாகாவும் ஒன்றாகச் சேர்ந்தது. "ரெண்டு நிமிஷம்தான் சார்" என்றார் இயக்குநர். "லைட் போகுது சார்" என்றார் கேமராக்காரர். சண்டைப் பயிற்சியாளர் ஓடி வந்து எப்படி விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒப்பனைக்காரர் நெற்றி வியர்வையை ஒற்றிவிட்டார். தள்ளிக்கொண்டே போய் ஆலோசகரைப் பெருக்கல் குறியின் மேல் நிறுத்திவிட்டார்கள். ஹெல்மெட் கேமராவில் பளபளக்கிறது என்று அதையும் கழற்றிக்கொண்டார்கள்.

ஹீரோ துப்பாக்கியைத் தூக்கினார். இரண்டு குழலும் ஆறடி தூரத்தில் அருணகிரியின் மூக்கைப் பார்த்தன.

"ரோலிங்!"

"நிறுத்துங்க!" என்று ஒரு அலறல். அருணகிரியின் இரண்டு கையும் தலைக்குமேலே போயிருந்தன. மேடைத் தமிழ் எங்கோ பறந்துவிட்டது. "அத யாராவது தொறந்து பாத்தீங்களா? யோவ், தொறந்து பாத்தீங்களாய்யா?"

காத்தான் பெட்டியைப் பார்த்தான். தீனதயாளன் காத்தானைப் பார்த்தார். இலக்கியா டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, "அதுக்கு இன்னும் யாரையும் போடலை சார்" என்றாள்.

"காளியப்பன் எங்கேய்யா? காளியப்பனைக் கூப்பிடுங்க!"

கேட்டில் நின்றிருந்த காளியப்பன் அதற்குள் பாதிக் களம் வந்திருந்தார். துப்பாக்கிக்கு எதிரே யார் நின்றால் என்ன, அவர் கால் தானாகவே நடந்தது. அங்கம்மாள் குறுக்கே வந்து மறித்தாள்.

"சித்தே நில்லுங்க. நீங்க தொடக் கூடாதுல்ல?"

"தொடலாம்! தொடலாம்!" என்று குறியின் மேலிருந்து அருணகிரி கத்தினார். "சீக்கிரம் தொடுங்க!"

"வாயில சொன்னா ஆகாதுங்க சாமி" என்றாள் அங்கம்மாள். படிவத்தையும் அந்தத் தங்க நிறப் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவரிடமே போனாள். அருணகிரி துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், உயர்த்திய கைகளில் ஒன்றை மட்டும் இறக்கி, பொறுப்பாளர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட வைத்தாள்.

தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

"இப்பப் போயித் தொறங்க."